ஆறு முதல் எட்டு வரை தந்தை

எங்கள் தெரு நல்ல தெரு. தெரு நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை நான் பொறுப்போடு சொல்கிறேன். விளக்குகள் எரியும், குப்பை வண்டி வரும், பிள்ளைகள் செய்யும் தப்பை அந்தந்த வீட்டுக்குள்ளேயே வைத்து மூடிவிடும் நாகரிகமும் எல்லாருக்கும் உண்டு. அப்படிப்பட்ட தெருவைச் சேர்ந்த இரண்டு சிறுமிகள், ஒருநாள் மத்தியானம், பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் காரில் நான்கு டயர்களிலும் காற்றை இறக்கிவிட்டார்கள்.

வேலையைச் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முன் டயர் இரண்டையும் இறக்கியது தையற்காரம்மாவின் மகள். தெருவில் அவளை வாண்டு என்போம். பின் டயர் இரண்டையும் இறக்கியது குட்டி. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது பதிலும் ஒன்றாகத்தான் வந்தது: "காத்து என்ன சத்தம் போடும்னு பாத்தோம்."

விஷயம் சிறார் நெறிமுறை அலுவலகத்துக்குப் போயிற்று. பிள்ளைகள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே இருக்கும் அலுவலகம் அது. போதாத நேரம், அதற்கு முந்தின வாரம்தான் அங்கே ஒரு நிபுணர் வந்து, திரையில் வண்ணப் படங்கள் போட்டு உரையாற்றியிருந்தார். தாயும் தந்தையும் சேர்ந்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் தவறான வழியில் போவது சற்றுக் குறைவாக இருக்கலாம் என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அதற்குக் காரணம் வறுமையாகவும் இருக்கலாம், வீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம், பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஆளில்லாததாகவும் இருக்கலாம் என்று அவர் தொடர்ந்தபோது டீ வந்துவிட்டது. அதனால் அந்தப் பகுதி அலுவலகத்தின் கவனத்துக்கு வரவில்லை. அவர் சொன்ன 'இருக்கலாம்' என்ற வார்த்தையும் சுற்றறிக்கைக்குக் கம்பீரமாக இல்லை என்று நீக்கப்பட்டது.

ஆகவே ஊரிலுள்ள குடும்பங்கள் எல்லாம் முழுக் குடும்பம், குறைக் குடும்பம் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டன. குட்டியின் வீட்டில் அம்மா, அப்பா இருவரும் இருந்தார்கள். அது முழுக் குடும்பம். எனவே பின் டயர்கள் 'குறும்பு' என்று பதிவாயின. வாண்டுவின் அப்பா ஒருநாள் வேலைக்குப் போனவர், போன திசையிலேயே போய்விட்டார். அது குறைக் குடும்பம். எனவே முன் டயர்கள் 'குற்றப்போக்கு' ஆயின.

தையற்காரம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். அந்த அம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் இருந்தப்ப பொண்ணு எப்படி இருந்தா?" என்றார் இயக்குநர்.

"கட்டிலுக்கு அடியில இருப்பா சார்."

"அமைதியா இருப்பாளா?"

"மூச்சு விடுற சத்தம் கூடக் கேக்காது சார். அவர் தூங்கின பிறகுதான் வெளிய வருவா."

இயக்குநர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். "பாத்தீங்களா? தகப்பன் இருந்த வரைக்கும் பிள்ளை ஒழுக்கமா இருந்திருக்கு."

"சார், அவர் போன பிறகுதான் அவ சிரிக்கவே ஆரம்பிச்சா."

"அங்கதாம்மா ஆரம்பிக்குது. இன்னிக்கு சிரிப்பு, நாளைக்கு டயர்."

ஒரு மாதத்துக்குள் வீடு முழுமை பெறாவிட்டால் பெண்ணை நெறிகாப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவோம் என்று தீர்ப்பாயிற்று. அந்த இல்லத்தை நான் வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். உயரமான மதில், அதற்கு மேல் கண்ணாடித் துண்டுகள். பிள்ளைகளைப் பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி உண்டு.

தையற்காரம்மா அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நான் எங்க சார் போவேன்? புருஷன் என்ன கடையிலயா விக்குது?"

"நீங்க எதுக்கும்மா அலையணும்? அரசாங்கம் எதுக்கு இருக்கு?" என்றார் இயக்குநர், மிகுந்த கருணையோடு.

அப்படித்தான் தற்காலிகப் பொறுப்புத் தந்தைத் திட்டம் பிறந்தது.

முதலில் தந்தை என்றால் யார் என்று முடிவு செய்ய ஒரு குழு உட்கார்ந்தது. பாசத்தைச் சேர்க்கலாமா என்று பார்த்தார்கள், அளக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். கண்டிப்பைச் சேர்க்கலாமா என்று பார்த்தார்கள், பக்கத்து வீட்டார் தொந்தரவு என்று புகார் கொடுத்தால் வம்பு. கடைசியில், ஆய்வுக்குப் போகிறவர் வாசலில் நின்றபடியே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று கண்டார்கள். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆண் எவனோ அவனே தந்தை. எட்டு மணிக்கு மேல் ஆய்வுப் பிரிவுக்கு வண்டி கிடையாது. ஆகவே அதற்கு மேல் தந்தையும் தேவைப்படவில்லை.

யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்ததும் அலுவலகத்தின் ஒன்றாம் சீட்டு எழுத்தருக்கு முதுகு வலி வந்தது, இரண்டாம் சீட்டுக்கு மாமனார் வந்தார். மூன்றாம் சீட்டில் இருந்தவருக்கு ஒன்றும் வரவில்லை. அவர் வேலையை நிறுத்தினாலும் யாருக்கும் தெரியாது என்பது கூடுதல் தகுதி. அவர்தான் குட்டியின் அப்பா. டயர் விவகாரத்தில் அவருக்கு முன் அனுபவம் இருப்பதாக ஆணையில் குறிப்பிட்டார்கள்.

மறுநாள் மாலை தண்ணீர் பாட்டிலோடு வந்து தையற்காரம்மாவின் வாசலில் நின்றார். ஒல்லியான மனிதர். கதவைத் தட்டுவதற்கே மன்னிப்புக் கேட்பவர்.

"வணக்கம்மா. தந்தையாகப் பொறுப்பேற்க வந்திருக்கேன்."

அந்த வீட்டில் இருந்தது ஒரே அறை. அதில் தையல் மெஷின், கட்டில், பாதி வெட்டிய பள்ளிச் சீருடைகள், ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தையற்காரம்மா மெஷின் மிதிப்பாள். அதைத் துடைத்து அவருக்குப் போட்டுவிட்டு, தான் துணி அடுக்கி வைக்கும் பெட்டியின் மேல் உட்கார்ந்து மிதித்தாள். பெட்டி உயரம் போதவில்லை, தையல் கோணிற்று.

"டீ போடட்டுங்களா சார்?"

"வேண்டாம்மா. அன்பளிப்பாயிடும்."

"இந்தப் பித்தானை மட்டும் எடுத்துக் குடுக்கிறீங்களா? உங்க காலடியில விழுந்திருக்கு."

"வீட்டு வேலையில பங்கெடுக்கக் கூடாதுன்னு உத்தரவும்மா." அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். காலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

வாண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "நீங்க குட்டியோட அப்பாதானே?"

"எட்டு மணிக்கு மேல."

ஆய்வுப் பிரிவு எட்டிப் பார்த்தது. நாற்காலி இருந்தது, ஆண் இருந்தார், உட்கார்ந்தும் இருந்தார். வீடு முழுமை பெற்றது. திட்டம் மாபெரும் வெற்றி என்று அலுவலக வாசலில் பலகை வைத்தார்கள். நாங்களும் போய்ப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, நல்ல எழுத்து என்று பாராட்டிவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் ஆய்வுப் பிரிவு குட்டியின் வீட்டை எட்டிப் பார்த்தது. மணி ஆறரை. நாற்காலி காலி.

உடனே பின் டயர்களையும் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டார்கள். தந்தை இல்லாத வீட்டுப் பெண் இறக்கிய காற்று எப்படிக் குறும்பாக முடியும்? அதுவும் குற்றப்போக்குதான் என்று தாக்கீது வந்தது. குட்டிக்கும் நெறிகாப்பு இல்லத்தில் ஒரு கட்டில் ஒதுக்கினார்கள்.

குட்டியின் அம்மா இயக்குநர் அறைக்குள் அனுமதி கேட்காமலே நுழைந்தாள். அவள் போட்ட சத்தம் கீழ்மாடி வரைக்கும் கேட்டதால், நடந்ததை அப்படியே என்னால் சொல்ல முடிகிறது.

"என் வீட்டுக்காரரை அனுப்பினதே நீங்கதானே?"

"அனுப்பினது நிர்வாகப் பிரிவு. இல்லைன்னு கண்டுபிடிச்சது ஆய்வுப் பிரிவு. ரெண்டும் வேற வேற மாடிம்மா."

"அப்ப அவரை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"அனுப்பினா அந்தப் பொண்ணு இல்லத்துக்குப் போகும்."

"அனுப்பாட்டி எம் பொண்ணு போகும்!"

"மொத்தத்துல ஒண்ணுதானே போகுது? முன்னாடி இருந்த நிலைமைக்கு இது மோசம்னு சொல்ல முடியாது." இயக்குநர் சற்று யோசித்தார். "வேணும்னா உங்க வீட்டுக்கு நாலாம் சீட்டை அனுப்பறேன்."

"அவர் வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கே சார்?"

"அங்க அஞ்சாம் சீட் போகும்."

"கடைசி சீட் வீட்டுக்கு?"

"அப்ப வேற இயக்குநர் வந்திருப்பார்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆறு மணிக்கு நீங்களும் இங்கதானே இருக்கீங்க? உங்க வீட்டுல யாரு இருக்கா?"

"நான் இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்குமே தகப்பன் மாதிரிம்மா," என்றார் இயக்குநர்.

அன்று மாலை குட்டியின் அம்மா எங்கள் தெருமுனையில் தென்பட்டதும், நாங்கள் எல்லாரும் அவரவர் ஜன்னலுக்கு வந்துவிட்டோம். குழாயடியில் இருந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். தன் புருஷனை வைத்திருக்கும் வீட்டுக்கு ஒருத்தி நேராகப் போகிறாள் என்றால் தெரு நலச் சங்கம் பார்க்காமல் இருக்க முடியாது.

வாசலில் போய் நின்றாள். உள்ளே தையற்காரம்மா கத்தரிக்கோலும் கையுமாக எழுந்தாள்.

"உங்களை நல்லா நாலு வார்த்தை கேக்கணும்னுதான் வந்தேன்," என்றாள் குட்டியின் அம்மா.

"கேளுங்கக்கா," என்றாள் தையற்காரம்மா. "நானே உங்களைப் பாக்க வரணும்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றதுன்னுதான் வரல. அவரை நான் போகச் சொன்னா என் பொண்ணைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. போகச் சொல்லலன்னா குட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நாலு நாளா தூக்கமே இல்லக்கா." அழுதுவிட்டாள்.

குட்டியின் அம்மாவும் அழுதாள். தன் மனைவி நின்றுகொண்டே அழுவதைப் பார்த்த மூன்றாம் சீட், நாற்காலியைக் கொடுப்பதற்காக எழுந்தார்.

"எந்திரிக்காதீங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். தெருமுனையில் ஆய்வுப் பிரிவின் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அவர் அப்படியே பாதியில் உட்கார்ந்தார்.

வண்டி போன பிறகு அவர்கள் பெட்டியின் மேல் நெருக்கியடித்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். சண்டை நடக்கவில்லை. வெகுநேரம் நின்றதுதான் மிச்சம் என்று நாங்கள் உள்ளே போனோம்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் குட்டியின் அம்மா, குட்டியோடும் ஒரு சாப்பாட்டுக் கூடையோடும் வந்தாள். குட்டி தந்தை இருக்கும் வீட்டில் ஆறு முதல் எட்டு வரை இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அது எந்த வீடு என்று உத்தரவில் இல்லை. ஒரே நாற்காலியில் ஒரே மனிதர் இரண்டு பிள்ளைகளுக்கும் தந்தையாக இருந்தார். ஒன்றுக்கு நியமனம், ஒன்றுக்கு நிஜம். ஆய்வுப் பிரிவு தலையைச் சொறிந்துவிட்டு, இரண்டையும் முழு என்று எழுதிக்கொண்டு போனது.

அதன் பிறகு தினமும் இதுதான். குட்டியின் அம்மா பித்தான் தைத்துக் கொடுப்பாள். தையற்காரம்மா மெஷின் மிதிப்பாள். பெண்கள் இரண்டும் தரையில் படுத்துக்கொண்டு பாடம் எழுதும். எழுதுகிற சாக்கில் பேசும், பேசுகிற சாக்கில் சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் எங்களால் தாங்க முடியவில்லை.

சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடிற்று.

"ஒரு வீடு. ஒரு ஆம்பளை. ரெண்டு பொம்பளைங்க," என்றார் மருந்துக் கடைக்காரர். "கணக்கு எங்கயோ உதைக்குதே?"

"அதுல ஒருத்தி அவர் பொண்டாட்டிதானே?" என்றேன், நடுநிலைமையோடு.

"பொண்டாட்டின்னா அவர் வீட்டுல இருக்கட்டும். பொண்டாட்டியே கூட வந்து உக்காந்தா, இந்த வீட்டைப் பத்தி நாம என்னன்னுதான் பேசறது?"

ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர், "நம்ம பிள்ளைங்க இதைப் பாத்து என்ன கத்துக்கும்?" என்று கேட்டார். பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதை எங்களில் யாரும் அண்மையில் கேட்டிருக்கவில்லை.

மனுவை நான் எழுதினேன். நானே சொல்லக் கூடாது, அருமையாக வந்திருந்தது. 'சமுதாயத்தின் ஆணிவேராகிய குடும்ப அமைப்பு' என்று தொடங்கி, 'பொறுப்புள்ள தந்தையர்களாகிய நாங்கள்' என்று நடுவில் திரும்பி, அந்த வீட்டைக் கலைத்து, இரண்டு சிறுமிகளையும் தகுந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று முடித்திருந்தேன். பகலில் எல்லாருக்கும் வேலை. எனவே மாலையில் தெருவின் தந்தையர் அனைவரும் ஒன்றுகூடி, ஊர்வலமாகப் போய், இயக்குநர் கையிலேயே கொடுப்பதென்று முடிவாயிற்று. ஒருவர் பாக்கியில்லாமல் போனோம். அந்த ஒற்றுமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமைதான்.

இயக்குநர் மனுவை நிதானமாகப் படித்தார். வாண்டுவின் விசாரணையை மறுபடி எடுத்து மறுநாளே முடித்துவிடலாம் என்றார். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. தலையைத் தூக்கி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாருமே தகப்பன்மாருங்களா?"

"எல்லாருமே சார். பொறுப்புள்ள தகப்பன்மார்."

"அந்தத் தெருவுல வேற தகப்பன்மார் யாராவது வராம விட்டுப்போச்சா?"

"அந்த வீட்டுல உக்காந்திருக்கறவரைத் தவிர ஒருத்தர் கூட இல்ல சார். நானே வீடு வீடாப் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

"நல்லது," என்றபடி இயக்குநர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழு ஆகியிருந்தது. நாங்களும் பார்த்தோம். எங்கள் புகாரின் தீவிரத்தை உணர்ந்து, ஆய்வுப் பிரிவை அப்போதே எங்கள் தெருவுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

ஆய்வுப் பிரிவு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தது. எந்த வீட்டிலும் நாற்காலியில் ஆள் இல்லை. தையற்காரம்மாவின் வீட்டில் மட்டும் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தெரு முழுவதும் குறைக் குடும்பமாக அறிவிக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகள் அதுவரை செய்த எல்லாமே, மாங்காய்க்குக் கல் விட்டது முதல் மார்க்கைத் திருத்திக்கொண்டு வந்தது வரை, குற்றப்போக்காக மாறின. நாங்கள் ஓடிப் போய் இயக்குநர் காலில் விழாத குறையாக நின்றோம். மனுக் கொடுக்கத்தானே வந்தோம் என்றோம். காரணத்தை விசாரிப்பது தம் அலுவலகத்தின் வேலை இல்லை என்றார். எங்கள் வீடுகளுக்கு மறு ஆய்வு வருகிற வருஷம்தான் என்றும் சொன்னார்.

ஆனால் அலுவலகத்துக்கும் ஒரு சங்கடம் இருந்தது. இத்தனை பிள்ளைகளைச் சேர்க்க இல்லத்தில் இடமில்லை. இத்தனை வீட்டுக்கு அனுப்பச் சீட்டும் இல்லை. வேறு வழியில்லாமல் ஆணை பிறந்தது: இந்தத் தெருப் பிள்ளைகள் அனைவரும் மாலை ஆறு முதல் எட்டு வரை, தெருவில் எஞ்சியிருக்கும் ஒரே முழுக் குடும்பமாகிய தையற்காரம்மாவின் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு தெருவுக்கே முன்மாதிரியான வீட்டின் மேல் விசாரணை நடத்துவது முறையல்ல என்பதால், வாண்டுவின் விசாரணை முடித்துவைக்கப்பட்டது. குட்டிக்கு ஒதுக்கிய கட்டிலும் ரத்தாயிற்று.

தையற்காரம்மாவிடம் சம்மதம் கேட்கப் போனவன் நான்தான். அவள் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை.

"பிள்ளைங்கதானே, வரட்டும்," என்றாள். "கத்தரிக்கோலை மட்டும் யாரும் தொடக் கூடாது."

ஆறு மாதம் ஆகிறது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மாலையில் வீடு அமைதியாக இருக்கிறது, செல்போனைப் பிடுங்க ஆளில்லை. அந்த ஓரறையில் எல்லாப் பிள்ளைகளும் எப்படி அடங்குகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. சில பேர் ஜன்னலில் உட்கார்ந்திருப்பார்கள், சில பேர் படியில். ஊரில் யார் கார் டயரும் அதன் பிறகு இறங்கவில்லை. எட்டு மணிக்கு மேலும் பிள்ளைகள் வர மறுக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அப்படிக் கூப்பிடப் போன மருந்துக் கடைக்காரருக்குத் தன் கடைசிப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பது அங்கேதான் தெரிந்ததாம்.

அலுவலகத்துக்கு இப்போது புகழ் பரவிவிட்டது. திட்டத்தின் வெற்றி ரகசியம் என்ன என்று கேட்டு வெளியூர்களிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். சங்கச் செயலாளர் என்ற முறையில் அவர்களுக்கு விளக்கம் சொல்லும் கடமை எனக்கு இருப்பதால், நேற்று இரவு என் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அங்க அவர் என்னடா பண்றார்?"

"ஒண்ணும் பண்ணலப்பா. உக்காந்திருக்கார்."

"அது தெரியும். வேற?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நாங்க ஏதாவது சொன்னா கேப்பார். கேட்டுட்டு, 'அப்புறம்?'னுவார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. வெளியூர் அதிகாரிகளிடம் இதைப் போய்ச் சொல்ல முடியுமா? பலகையில் எழுதுகிற மாதிரி ஏதாவது வேண்டாமா? என்ன எழுதலாம் என்று செல்போனில் தேடிக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கழித்துத் தலையைத் தூக்கினால் மகன் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், என்னிடம் இன்னும் ஏதோ சொல்ல இருப்பவனைப் போல.

"இன்னும் என்னடா நிக்கிற?" என்றேன். "போய்ப் படி."